எண் 7, ஒட்டகச்சிவிங்கித் தெரு

கோயமுத்தூர் சரவணம்பட்டியில் ஒரு குரு இருக்கிறார். வயது முப்பத்திரண்டு. அவருடைய சீடருக்கு ஐம்பத்து மூன்று.

சிரிக்க வேண்டாம். நாங்கள் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டோம்.

குருவின் பெயர் ருக்சானா. எங்கள் மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு அவர் பொறுப்பு. செயலி வெளியே போகுமுன் அதில் என்ன கோளாறு என்று தேடுகிற பிரிவு. ருக்சானா அதிகம் பேச மாட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்பார். காதில் வாங்கியவன் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் அலைவான்.

சீடர் அருளப்பன். ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்து நான்கு வருஷம் டெக்னீசியனாக இருந்தவர். கூடத்தை மூடினார்கள். மனுஷன் அசரவில்லை. ஐம்பது வயதில் கம்ப்யூட்டர் வகுப்பில் போய் உட்கார்ந்து, படித்து, பாஸாகி, எங்களிடம் வந்து சேர்ந்தார்.

வந்த முதல் நாளே ருக்சானாவை "குருவே" என்று கூப்பிட்டார்.

"அண்ணா, ருக்சானான்னே கூப்பிடுங்க."

"அதெப்படிங்க குருவே?"

அதோடு சரி. அன்றிலிருந்து அவர் அண்ணா, இவர் குரு. ஆபீசில் எல்லாருக்கும் அதுவே பழகிவிட்டது.

எனக்கு அவர்களுக்கு அடுத்த மேஜை. செயலிக்கு ஸ்கிரீன் வரைவது என் வேலை. கண் ஸ்கிரீனில் இருந்தாலும் காது அங்கேதான் இருக்கும்.

ஒரு அறக்கட்டளைக்கு நாங்கள் செயலி செய்துகொண்டிருந்தோம். அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த பெண்களுக்காக அவர்கள் ஏழு இல்லங்கள் நடத்துகிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. ஆனால் அந்தப் பெண்களுக்கும் அம்மா இருக்கிறாள் இல்லையா? அம்மா தன் போனில் செயலியைத் திறந்தால் மூன்று விஷயம் தெரிய வேண்டும். மகளின் பெயர். அவள் நலமா என்பது. அவள் எழுதி அனுப்பிய செய்தி. அம்மாவும் பதில் எழுதலாம். அவ்வளவுதான் செயலி.

வேலை முடியும் சமயத்தில் எங்களை ஓர் இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். வேன் ஜன்னலுக்கெல்லாம் திரை. எங்கே போனோம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அங்கே மேகலா என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். பக்கத்தில் ஆறு வயசு மகள். மேகலாவின் இடது கையில் மாவுக்கட்டு. எங்கள் கூட்டத்தில் வயதில் மூத்தவர் என்று பார்த்தாளோ என்னவோ, நேராக அருளப்பனிடம் வந்தாள்.

"அண்ணா, எங்கம்மாகிட்ட பேசி எட்டு மாசம் ஆச்சுங்க."

"இனி பேசலாம்மா."

"அம்மா போனு பாதி நேரம் எங்க வீட்டுக்காரர் கையிலதாங்க இருக்கும். பிடுங்கிட்டுப் போயிருவாரு. இதுல நான் இருக்கற இடம் அவருக்குத் தெரிஞ்சிராதுங்களே?"

"தெரியாதும்மா."

"நிச்சயமாங்களா? முன்னாடி ஒருக்கா இடம் தெரிஞ்சு வந்தப்பதான் இந்தக் கை."

அருளப்பன் அந்தக் கட்டைப் பார்த்தார்.

"நான் பாத்துட்டுத்தாம்மா வெளிய விடுவேன். அது என் பொறுப்பு."

திரும்பி வருகிற வழியில் வேனில் யாரோ கடலை மிட்டாய் நீட்டினார்கள். அருளப்பன் அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் செயலி வெளியாக வேண்டும் என்று தேதி குறித்தாயிற்று.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். அம்மாவின் போன் கேட்கும், எங்கள் சர்வர் பதில் அனுப்பும். அந்தப் பதில், கட்டம் கட்டமாக நிரப்பின விண்ணப்பத் தாள் மாதிரி இருக்கும். பெயருக்கு ஒரு கட்டம், நலத்துக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று. எங்கள் ஆட்கள் அதை ஃபீல்டு என்பார்கள். போன் அந்தத் தாளை வாங்கி, வேண்டியதை எடுத்து ஸ்கிரீனில் காட்டும். தாளில் சரியானது வருகிறதா என்று பார்ப்பதற்கு டெஸ்ட் எழுதுவார்கள். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு.

செவ்வாய்க்கிழமை காலை அருளப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"குருவே, இருநூத்திப் பதினாறு டெஸ்டுங்க. அத்தனையும் பச்சை!"

"எதையெல்லாம் பாத்தீங்கண்ணா?"

"பேரு வருதான்னு பாத்தேன், வருதுங்க. நலம் வருதுங்க. செய்தி வருது. தமிழ்ல எழுதினா வருது, இங்கிலீஷ்ல எழுதினா வருது, ரெண்டு பக்கம் எழுதினாலும் ஒரு எழுத்து குறையாம வருது."

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?"

அருளப்பன் தன் டெஸ்ட் பட்டியலை மேலிருந்து கீழே புரட்டினார்.

"வருதான்னா கேட்டுச்சு?" என்றார் ருக்சானா.

அருளப்பன் தன் இடத்துக்குப் போனார். இருநூற்றுப் பதினாறு டெஸ்ட் எழுதியவருக்கு மேகலா கேட்ட அந்த ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

புதன்கிழமை காலை மறுபடி வந்தார். இந்தத் தடவை நெஞ்சு அவ்வளவு நிமிரவில்லை. ஆனாலும் முகத்தில் வெளிச்சம்.

"விலாசம் வரலைங்க குருவே. ஊரு வரலை. பின்கோடு வரலை. வார்டன் நம்பர் வரலை. பாப்பா படிக்கிற பள்ளிக்கூடம் வரலை. வரக்கூடாத கட்டம் மொத்தம் பதினாலு. பதினாலுக்கும் டெஸ்ட் போட்டாச்சு. ஒண்ணுகூட இல்லை."

"இல்லைன்னு எப்படித் தெரியும்?"

"டெஸ்ட் சொல்லுதுங்களே. பச்சை."

ருக்சானா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நிதானமாக எழுதினார். எழுதி அவர் முன்னால் தள்ளினார்.

பெயர்: ருக்சானா. மலேரியா: இல்லை. டெங்கு: இல்லை. டைபாய்டு: இல்லை. மஞ்சள் காமாலை: இல்லை.

"லேப் ரிப்போர்ட் அண்ணா. கையெழுத்துப் போடுங்க."

"ரத்தம் எப்பங்க எடுத்தாங்க?"

"எடுக்கல."

"எடுக்காம எப்படிங்க இல்லைன்னு எழுதறது?"

"ஒரு நோயும் தென்படலையே."

"அட என்னங்க நீங்க! காலிக் குழாயைக் கருவியில போட்டா என்னத்தங்க தென்படும்?" என்று அருளப்பன் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எங்கள் சிரிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

தன் நாற்காலிக்கு ஓடினார். ஐம்பத்து மூன்று வயசு மனுஷன் ஆபீசுக்குள் ஓடி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சோதனைக்காக அவர் ஒரு பொய்ப் பெண்ணை உண்டாக்கி வைத்திருந்தார். பெயர், டெஸ்ட் பெண் ஒன்று. நலம், ஆம். செய்தி, வணக்கம். மற்றபடி விலாசம் காலி. ஊர் காலி. பின்கோடு காலி. எல்லாக் கட்டமும் காலி. கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று செயலி கேட்கவில்லை, அவரும் நிரப்பவில்லை. எங்கள் சர்வருக்கு ஒரு பழக்கம் உண்டு. காலியாக இருக்கும் கட்டத்தை அது அனுப்பவே அனுப்பாது. இல்லாத விலாசத்தைத் தேடி, இல்லை என்று கண்டுபிடித்து, பச்சை விளக்கு எரியவிட்டிருந்தார் மனுஷர்.

"அட மடையா!" என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். "இருபத்து நாலு வருஷம்! தினமும் காலையில செஞ்ச வேலைங்க குருவே!"

எனக்குப் புரியவில்லை. என்னவென்று கேட்டேன்.

லேபில் முதல் நோயாளி வருமுன்பே, நோய் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு ரத்தத்தைக் கருவியில் போட்டுப் பார்ப்பார்களாம். கருவி "இருக்கு" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அன்று முழுக்க அது சொல்லும் "இல்லை"யை நம்புவார்களாம். சொல்லாவிட்டால் கருவியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட வேண்டியதுதானாம்.

"அப்ப இந்தப் பொண்ணுக்கு இப்ப விலாசம் எழுதணும்," என்றார்.

எழுதினார். எண் 7, ஒட்டகச்சிவிங்கித் தெரு.

"அதென்னண்ணா தெரு?" என்றேன்.

"கோயமுத்தூர்லயே இல்லாத பேரா இருக்கணும். எங்க ஒளிஞ்சு நின்னாலும் கழுத்து தெரியணும்."

ஊரையும் நிரப்பினார், பின்கோடையும், மற்ற எல்லாவற்றையும். டெஸ்டை ஓட்டினார். பதினாலில் ஒன்பது சிவப்பு.

விலாசம் முழுசாக வந்திருந்தது. எண் ஏழு, தெரு, ஊர், பின்கோடு, பள்ளிக்கூடம் வரைக்கும். வெள்ளிக்கிழமை அப்படியே வெளியே போயிருந்தால் மேகலா இருக்கும் வீட்டின் விலாசம் கதவு எண்ணோடு அவள் அம்மாவின் போனுக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

அருளப்பன் சர்வர் பக்கம் ஆளைக் கூப்பிட்டார்.

சர்வர் பக்கத்து வேலை ஹரிஹரசுதனுடையது. பத்து வருஷ அனுபவம். வந்து பார்த்தார்.

"ஸ்கிரீன்ல எங்கயும் காட்டவே இல்லையேண்ணா. யாருக்குத் தெரியப்போகுது?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆமாமா, நான் ஸ்கிரீன்ல விலாசம் வரையவே இல்லை" என்று நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அருளப்பன் கோபப்படவில்லை.

"ஹரி, ஸ்கிரீன்ல காட்டாது. சரி. போன் வரைக்கும் வருதா இல்லையா?"

"வருது."

"வந்ததை எடுத்துப் பாக்கத் தெரிஞ்சவன் கையில போன் சிக்கினா?"

"ரெண்டு நிமிஷ வேலைதான் அது."

"போன் அவன் கையிலதான் ஹரி இருக்கும். அந்தப் பொண்ணே சொல்லுச்சு."

ஹரி தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்கெல்லாம் ஒன்பது கட்டத்தையும் பதிலிலிருந்து எடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை மறுபடி ஓட்டினார்கள். பதினாலும் பச்சை. இந்தத் தடவை விலாசம் இருக்கிற பெண்ணை வைத்து வந்த பச்சை. நாங்கள் கை தட்டினோம்.

"போதும்ணா," என்றார் ருக்சானா. "நாளைக்கு வெளிய விடலாம்."

குரு போதும் என்று சொன்ன நாள் அபூர்வம். நான் லேப்டாப்பை மூடிவிட்டு டீக்குக் கிளம்பினேன்.

"இருங்க குருவே," என்றார் அருளப்பன்.

ருக்சானா திரும்பினார்.

"நான் பதினாலு கதவைத் தட்டினேங்க. பதினாலுலயும் ஆள் இல்லை. பதினஞ்சாவது கதவு ஒண்ணு இருந்து, எனக்கு அதோட பேரே தெரியலைன்னா?"

"என்ன பண்ணலாம்ங்கறீங்க?"

"கதவையெல்லாம் விட்டுர்றேன். ஆளைத் தேடறேன்."

முதலில், இல்லத்தில் எப்படி நடக்குமோ அப்படியே எல்லாவற்றையும் அமைத்தார். டெஸ்ட் பெண்ணுக்கு ஒரு டெஸ்ட் வார்டன். அந்த வார்டன் உள்ளே நுழைந்து, பெண்ணின் செய்தியில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பினார். பிறகு அருளப்பன் எந்தக் கட்டத்தின் பெயரையும் சொல்லாமல் ஒரே ஒரு டெஸ்ட் எழுதினார். பதில் தாளை மேலிருந்து கீழ்வரை படி. எந்த மூலையிலாவது "ஒட்டகச்சிவிங்கி" என்று ஒரு வார்த்தை இருந்தால் சிவப்பு.

பொத்தானை அழுத்தினார்.

சிவப்பு.

"மாட்டிக்கிச்சு!" என்று அருளப்பன் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை மீட்டிங்கே வெளியே வந்துவிட்டது. "மாட்டிக்கிச்சுங்க குருவே! கழுத்து தெரியுது பாருங்க!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். தாளின் அடியில், யாரும் கண்டுகொள்ளாத ஒரு கட்டம். செய்தியைக் கடைசியாகத் திருத்தியவர். அதில் எழுதியிருந்தது: வார்டன், எண் 7, ஒட்டகச்சிவிங்கித் தெரு இல்லம்.

அறக்கட்டளையில் இல்லங்களுக்குத் தனிப் பெயர் கிடையாது. கதவு எண்ணையும் தெருவையும் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். வார்டன்களும் அந்தப் பெயரிலேயே செயலிக்குள் நுழைவார்கள். வார்டன் ஒரு கமாவைத் திருத்தினால் போதும், கதவு எண்ணும் தெருவும் அந்தச் செய்தியோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கும். விலாசம் என்று பெயர் போட்ட கட்டத்தை எத்தனை தடவை தேடியிருந்தாலும் இது கிடைத்திருக்காது.

ருக்சானா எழுந்து நின்றார். அவர் யார் இடத்துக்கும் போய் நிற்கிற ஆள் இல்லை. அருளப்பன் மேஜைக்கு வந்து, அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"இது எனக்குத் தோணலண்ணா," என்றார். மெதுவாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அருளப்பனுக்குச் சந்தோஷம் முகத்தில் கொள்ளவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி.

ஹரி அந்தக் கட்டத்தையும் எடுத்தார். எடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அண்ணா, அடுத்த மாசம் நானே மறந்து புதுசா ஒண்ணைச் சேத்து வெச்சுட்டா? அதுல ஒட்டகச்சிவிங்கி இல்லாம வேற ஏதாவது இருந்தா?"

"நல்லாக் கேட்டீங்க ஹரி."

அரை மணியில் இன்னொரு டெஸ்ட். பேர், நலம், செய்தி. இந்த மூன்றும் இருக்க வேண்டும். நாலாவதாக எது வந்தாலும், அது என்ன ஏது என்று கேட்காமல் சிவப்பு.

"இப்பச் சேத்துப் பாருங்க," என்றார் அருளப்பன்.

ஹரி சும்மா இருக்கிற ஆளா? "இன்றைக்கு மழை வருமா" என்று ஒரு கட்டத்தைச் சேர்த்து ஓட்டினார். சிவப்பு. "வணக்கம்" என்று ஒன்றைச் சேர்த்தார். சிவப்பு. காலிக் கட்டம் ஒன்றை வலுக்கட்டாயமாக அனுப்ப வைத்தார். அதற்கும் சிவப்பு. கடைசியில் அருளப்பனுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மதியமே ருக்சானா அறக்கட்டளைத் தலைவருக்கும் ஏழு வார்டன்களுக்கும் கடிதம் எழுதினார். என்ன இருந்தது, எப்படிக் கிடைத்தது, எப்படி அடைத்தோம் என்று ஒன்று விடாமல் எழுதினார். வெளியே போகுமுன்பே பிடித்துவிட்டதால் ஒருவர் விலாசமும் எங்கும் போகவில்லை என்பதையும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் செயலி வெளியாயிற்று. பத்து ஐந்துக்கு மேகலா தன் அம்மாவுக்கு எழுதினாள் என்று பிறகு சொன்னார்கள். என்ன எழுதினாள் என்று நாங்கள் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு முற்பகலில், ருக்சானாவின் போன் அடித்தது. வார்டன் பிலோமினா. மேகலா இருக்கும் இல்லத்தின் பொறுப்பாளர்.

"ருக்சானாம்மா, உங்க ஆளுக எல்லாரும் பக்கத்துல இருக்காங்களா? ஸ்பீக்கர்ல போடுங்க."

குரலைக் கேட்டே அருளப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்து வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேகலாவோட அம்மா எழுதியிருக்காங்க. அந்த ஆளு போனைப் பிடுங்கிட்டுப் போயிட்டானாம்."

ஹரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இதெல்லாம் நோண்டத் தெரிஞ்சவன் ஒருத்தன்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்தானாம். அவன் கம்ப்யூட்டர்ல மாட்டி ரெண்டு மணி நேரம் குடைஞ்சு பாத்துருக்கான். பேரு வருதாம். நல்லா இருக்கேன்னு வருதாம். அம்மா சாப்பிட்டியான்னு மேகலா கேட்டது வருதாம். திரும்பத் திரும்ப அந்த மூணேதான் வருதாம்! இதுல வேற ஒரு மண்ணும் இல்லைன்னு சொல்லிட்டானாம் அவன். போனை அம்மா வீட்டு வாசல்ல வீசிட்டுப் போயிட்டானாம் இவன்!"

அதன்பிறகு வார்டன் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆபீசே எழுந்து கத்தியது. விசில் பறந்தது. ஹரி அருளப்பனைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. அருளப்பன் அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன?

"இருங்க, இருங்க, மேகலா பேசணுமாம்," என்றார் வார்டன்.

"அண்ணா!" மேகலாவின் குரல். இல்லத்தில் பார்த்த அந்தப் பெண்ணின் குரலா இது என்று இருந்தது. "அண்ணா, அவனுக்கு ஒண்ணும் கிடைக்கலைங்கண்ணா! ரெண்டு மணி நேரம் உக்காந்து பாத்தும் கிடைக்கலையாம்! கட்டு பிரிச்சாச்சுங்கண்ணா. நேத்து நானே சப்பாத்தி தேச்சேன். பாப்பா அவங்க பாட்டிக்குப் பாட்டு எழுதி அனுப்புச்சு. எங்கம்மா பதிலுக்கு நாலு பக்கம் எழுதியிருக்கு!"

அருளப்பன் போனுக்கு அருகில் குனிந்தார். முகமெல்லாம் பெருமை.

"மேகலாம்மா, உனக்கு ஒரு விஷயம் தெரியுமா? மொதல்ல அதுல..."

ருக்சானா கையை நீட்டி, எங்கள் குரல் அந்தப் பக்கம் கேட்காதபடி ஒரு பொத்தானை அழுத்தினார்.

அருளப்பன் நிமிர்ந்தார்.

"என்ன சொல்லப்போறீங்கண்ணா?"

"எப்படிப் பிடிச்சோம்னுங்க குருவே. வியாழக்கிழமை வரைக்கும் விலாசம் அதுல இருந்துச்சு, கடைசி நாள்ல நான்தான் கண்டுபிடிச்சேன்னு. வார்டனுக்குத் தெரியும். தலைவருக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்குத்தான் தெரியாது."

"அண்ணா, லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

"தெரியட்டுமேங்க," என்றார் அருளப்பன். "நான் செஞ்சதைத்தானே சொல்றேன்?"

"அதைக் கேட்டா, அந்தப் பொண்ணு இன்னிக்கு ராத்திரி தூங்குமாண்ணா?"

அருளப்பன் யோசித்தார்.

"தூங்காதுங்க."

"உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?"

"அம்மாகிட்ட பேசணும்னுச்சு. இருக்கற இடம் தெரியக் கூடாதுன்னுச்சு."

"ரெண்டும் போய்ச் சேந்துருச்சா?"

"சேந்துருச்சுங்க."

ருக்சானா பொத்தானின் மேல் விரலை வைத்தார்.

"அது கேக்காத கட்டம் ஒண்ணை ஏன் அனுப்பறீங்க?"

பொத்தானை விடுவித்தார்.

"அண்ணா? இருக்கீங்களாண்ணா?"

"இருக்கேம்மா," என்றார் அருளப்பன்.

மேகலா பேச ஆரம்பித்தாள். அம்மா என்னென்ன எழுதினாள், வீட்டுப் பசு கன்று போட்டது, பாப்பா எழுதிய பாட்டில் எத்தனை பிழை, சப்பாத்தி எப்படி வட்டமாக வந்தது என்று நிறுத்தாமல் பேசினாள். நடுநடுவே சிரித்தாள். பாப்பா வேறு போனைப் பிடுங்கிப் பாடிக் காட்டியது.

அருளப்பன் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அத்தனையையும் கேட்டுக்கொண்டே நின்றார்.